ஃபார்மட்டில் கை வைக்காதீர்கள்

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் கல்யாணம் முடிந்த வீட்டுக்கு போட்டோகிராஃபர் இப்போதெல்லாம் சிடி கொடுப்பதில்லை. 64 ஜிபி பென்டிரைவ் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். வீட்டில் கிடக்கும் பழைய அரசு லேப்டாப்பில், அதோடு வந்த ‘போஸ்’ என்ற லினக்ஸில் அதைச் செருகினால் ‘மவுண்ட் செய்ய முடியவில்லை’ என்று வருகிறது. அடுத்து நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். விவரம் தெரிந்த தம்பி ஒருவன் வருகிறான். “ஃபார்மட் போட்டா சரியாயிரும்” என்கிறான். பென்டிரைவ் சரியாகிவிடுகிறது. கல்யாண வீடியோதான் போய்விடுகிறது.

இத்தனைக்கும் அந்தப் பென்டிரைவில் பெரும்பாலும் பழுதே இருப்பதில்லை. 32 ஜிபிக்கு மேற்பட்டவற்றில் பல ‘எக்ஸ்ஃபேட்’ என்ற அமைப்பில் வருகின்றன. அதன் முழு விவரத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது 2019 ஆகஸ்டில். லினக்ஸ் கெர்னலுக்குள் அது முறையாக இடம்பிடித்தது 2020-ல், 5.7-ஆம் பதிப்பில். தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியதோ 2011-ல். அந்தக் காலத்து போஸுக்கு எக்ஸ்ஃபேட் என்றால் என்னவென்றே தெரியாது. லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தார்கள், சரி. அதிலிருக்கும் போஸை எப்படிப் பயன்படுத்துவது என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

பரிகாரம் எளிது. புதிய உபுண்டுவோ விண்டோஸோ உள்ள வேறு கணினியில் அதே பென்டிரைவைச் செருகி, உள்ளே இருப்பதை முதலில் நகல் எடுங்கள். நகலைத் திறந்து, வீடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய லேப்டாப்பில்தான் பார்க்க வேண்டும் என்றால், அதற்குப் பிறகு பென்டிரைவை ஃபேட்32 என்ற பழைய அமைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு ஃபேட்32-ல் ஏறாது. நகல் கையில் வரும்வரை ஃபார்மட் என்ற பட்டனைத் தொடாதீர்கள்.

எக்ஸ்ஃபேட்தான் காரணமா, வேறு ஏதாவதா என்று ஊகிக்கவும் தேவையில்லை. லினக்ஸ் தானே சொல்லும். திரையில் வரும் பெட்டியில் மட்டுமல்ல, டெர்மினலிலும். டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்தில் ‘சூடோ’ (எஸ், யு, டி, ஓ) என்று அடித்து, இடம் விட்டு டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்தையும், மறுபடி இடம் விட்டு ஒரு சிறு கோடும் டபிள்யூவும் அடியுங்கள். கடவுச்சொல் கொடுத்த பிறகு பென்டிரைவைச் செருகுங்கள். வரிகள் ஓடும். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வரிகளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.

ஒரு வரிகூடப் புதிதாக வரவில்லையா? போர்ட், கேபிள், பென்டிரைவ் மூன்றில் ஒன்று செத்திருக்கிறது. வேறு போர்ட்டில் போட்டுப் பாருங்கள். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்றால் கேபிளை மாற்றுங்கள். ‘டிஸ்கிரிப்டர் ரீட்’ என்ற சொற்களோடு மைனஸ் 71 அல்லது மைனஸ் 110 என்று பிழை வந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளையும் கரண்ட் போதாமையையும்தான். யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3 தருவது 900. ஹப்பை எடுத்துவிட்டு நேராகக் கணினியில் செருகுங்கள்.

டெர்மினலில் பிழை எதுவும் இல்லாமல், திரையில் வரும் பெட்டியில் ‘அன்நோன் ஃபைல்சிஸ்டம்’ என்று வந்தால், மேலே சொன்ன எக்ஸ்ஃபேட் கதை. ‘அன்கிளீன்’, ‘டர்ட்டி’ என்று வந்தால், விண்டோஸில் ‘எஜெக்ட்’ கொடுக்காமலே பிடுங்கியிருக்கிறார்கள், அல்லது விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் முழுதாக மூடாமல் விட்டிருக்கிறது. அதே விண்டோஸுக்குக் கொண்டுபோய், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். பிறகு திறந்து, பிழை சரிபார்ப்பை ஓட்டி, ‘எஜெக்ட்’ கொடுத்து எடுங்கள். லினக்ஸில் வலுக்கட்டாயமாகத் திறக்கும் கட்டளைகள் உண்டு. அவை கடைசிக்கு.

‘ஐ-ஓ எரர்’ என்று செக்டார் எண்ணோடு வரிவரியாக வந்தால் மட்டும் உண்மையிலேயே பயப்படுங்கள். பெரும்பாலும் சாமானே சாகிறது. அந்த நேரத்தில் பழுதுபார்க்கும் மென்பொருள் எதையும் ஓட்டக்கூடாது. ஒவ்வொரு முயற்சியும் மிச்ச உயிரைக் குடிக்கும். உடனே கழற்றுங்கள். ‘டிடிரெஸ்க்யூ’ என்ற மீட்புக் கருவி தெரிந்தவரிடம் கொடுத்து, முழு டிஸ்கையும் வேறொரு நல்ல டிஸ்கில் படிவமாக (‘இமேஜ்’) எடுக்கச் சொல்லுங்கள். கோப்புகளைத் தேடும் வேலை எல்லாம் அந்தப் படிவத்தின் மேல்தான். எந்தப் பெயர் எந்த டிஸ்க் என்று பார்க்காமல் கட்டளை அடித்து, லேப்டாப்பின் சொந்த டிஸ்கையே துடைத்தவர்கள் உண்டு. எல், எஸ், பி, எல், கே என்று அடித்தால் வரும் பட்டியலில் அளவை வைத்து எது எது என்று உறுதிசெய்யுங்கள்.

ஏற்கெனவே ஃபார்மட் போட்டாயிற்றா? அதில் ஒரு பாட்டுகூட ஏற்றாதீர்கள். விரைவு ஃபார்மட் அட்டவணையைத்தான் அழிக்கும். ‘ஃபோட்டோரெக்’ போன்ற இலவசக் கருவியால் பெரும்பகுதி திரும்பலாம். அதன் மேல் எழுதிவிட்டால் வராது.

இனி கடை. நம் ஆட்கள் சாமானைக் கொடுத்துவிட்டு, “அண்ணாச்சி, பாத்து வைங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். சீட்டு கிடையாது. நாளைக்கு அண்ணாச்சி ‘எம்ப்டியாத்தான் இருந்துச்சு’ என்றால் எதை வைத்துப் பேசுவீர்கள்? ஜாப் கார்டு கேளுங்கள். அச்சடித்தது இல்லையென்றால் வெள்ளைத்தாள் போதும். தேதி, கடையின் பெயர், சாமானின் பிராண்டு, அளவு, சீரியல் எண் இருக்கட்டும். கீழே இப்படி எழுதச் சொல்லுங்கள்: “தரவு மீட்புக்காக மட்டும் பெறப்பட்டது. உரிமையாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஃபார்மட் செய்யப்படாது.” கடைக்காரர் கையெழுத்து, உங்கள் கையெழுத்து. முகம் சுளிக்கும் கடையில் சாமானைக் கொடுக்காதீர்கள்.

வாங்கிய சாமானே மோசம் என்றால் பில் வேண்டும். பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஐந்நூறு ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் என்று விற்கிறார்களே, அது பொய் அளவு. சொற்ப ஜிபி ஏறியதும் மேலே போடுவதெல்லாம் காற்றில் போகும். லினக்ஸில் ‘எஃப்3’ என்ற சோதனை உண்மை அளவைக் காட்டிவிடும். அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள், அதுவே சான்று. ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றதாகச் சொல்லவும், ஒரு மாதத்தில் தீர்க்கவும் அவருக்குக் கடமை உண்டு. நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதற்கும் அசையாவிட்டால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். டெல்லிக் கடையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். பில், ஜாப் கார்டு, டெர்மினல் படம், கடைக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் நகல், பிரமாணப் பத்திரம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். வாரண்டி சாமானுக்குத்தான், உள்ளிருக்கும் படத்துக்கு அல்ல என்று கம்பெனி சொல்லும். பெரும்பாலும் வாரண்டி அட்டையிலேயே அச்சடித்திருக்கும். ஆனால் ஜாப் கார்டில் எழுதிக் கொடுத்த பிறகும் கடை ஃபார்மட் போட்டிருந்தால் அது சேவைக் குறைபாடு, அதற்கு நஷ்டஈடு கேட்கலாம். அந்தத் தாள் இல்லாமல் போய் நின்றால் வழக்கு நிற்பது கடினம்.

பெண்பிள்ளைகளின் படங்கள் உள்ள டிஸ்க் என்றால், வேலை முடியும்வரை கூடவே உட்காருங்கள். எடுத்த படிவத்தைக் கடைக் கணினியிலிருந்து உங்கள் கண்முன் அழிக்கச் சொல்லுங்கள். படம் வெளியே போனதாகத் தெரிந்தால் கடைக்காரரோடு சண்டை போட்டு நேரத்தைக் கடத்த வேண்டாம். அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், ஜாப் கார்டோடு சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.