தங்கமா, தண்ணீரா? எல் சால்வதோர் மக்கள் கற்றுத்தரும் பாடம்

ஓர் ஊரின் வழியாக ஆறு ஓடுகிறது. அதன் கரையில் பெரிய தொழில் ஒன்று வரப்போவதாகச் செய்தி வருகிறது. வேலை கிடைக்கும், சாலை வரும், உள்ளாட்சிக்கு வருமானம் பெருகும் என்கிறார்கள் ஒரு சாரார். குடிநீர் கெடும், விளைநிலம் பாழாகும் என்கிறார்கள் மறு சாரார். இரு சாராரும் ஒரே ஊர்க்காரர்கள். பல வேளைகளில் ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள், ஒரே குடும்பத்தில் பிறந்தவர்கள். இத்தகைய நேரத்தில் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு உண்டு?

மத்திய அமெரிக்காவின் சிறிய நாடான எல் சால்வதோர், இந்தக் கேள்வியோடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடி வருகிறது. புனித ஆஸ்கர் ரொமேரோவின் நாடு என்று நாம் அறிந்திருக்கும் அந்நாட்டில், கத்தோலிக்கத் திருஅவையும் இப்போராட்டத்தில் நேரடியாகப் பங்கேற்றுள்ளது. எனவே அங்கு நடந்ததைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஒரே ஆற்றை நம்பிய நாடு

எல் சால்வதோரின் பரப்பளவு ஏறக்குறைய 21,000 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை 60 இலட்சத்துக்கும் மேல். அந்நாட்டின் உயிர்நாடி லெம்பா ஆறு. குவாத்தமாலாவில் பிறந்து, ஹொண்டுராஸ் மண்ணைத் தொட்டு, எல் சால்வதோரைக் கடந்து பசிபிக் பெருங்கடலில் கலக்கும் இந்த ஆறு 400 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. நாட்டின் ஏறத்தாழ பாதி நிலப்பரப்பு இதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் அடங்கும். தலைநகர் சான் சால்வதோரின் குடிநீரில் பெரும் பகுதி இதிலிருந்தே எடுக்கப்படுகிறது. நாட்டின் முக்கிய நீர்மின் அணைகளும் இதன் மீதே உள்ளன. லெம்பா கெட்டால், மாற்றாகக் கைநீட்ட வேறொரு பெரிய ஆறு அந்நாட்டுக்கு இல்லை.

இந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில், வடக்கே உள்ள மலைகளில்தான் தங்கம் இருக்கிறது. அங்குள்ள பாறைகளில் தங்கம் கட்டிகளாகக் கிடைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் கலந்திருக்கிறது. பாறையை உடைத்து, மாவாக அரைத்து, சயனைடு கலந்த நீரில் கரைத்துத்தான் அதைப் பிரிக்க வேண்டும். இதற்கு மிகுதியான தண்ணீர் தேவை. எஞ்சும் நச்சுக் கழிவை அணை கட்டித் தேக்கி வைக்க வேண்டும். இது தவிர, பூமிக்கடியில் இருந்த கந்தகம் கலந்த பாறை காற்றும் மழையும் பட்டு அமிலத்தைக் கசியவிடுகிறது. சுரங்கம் மூடப்பட்ட பிறகும் இக்கசிவு பல தலைமுறைகளுக்குத் தொடரக்கூடும். நாட்டின் கிழக்கே, பழைய தங்கச் சுரங்கம் ஒன்றை ஒட்டி ஓடும் சான் செபாஸ்தியான் ஆறு செம்மஞ்சள் நிறமாகிவிட்டதை அம்மக்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள்.

வளர்ச்சியின் கணக்கு

2002ஆம் ஆண்டு முதல், பசிபிக் ரிம் என்ற கனடா நாட்டு நிறுவனம் காபானாஸ் மாநிலத்தின் சான் இசித்ரோ பகுதியில் தங்கம் எடுக்க முயன்றது. காபானாஸ் வறுமை மிகுந்த மாநிலம். பிழைப்புத் தேடி அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குச் சென்றவர்கள் அனுப்பும் பணத்தில் வாழும் குடும்பங்கள் அங்கு ஏராளம். ஆகவே வேலை கிடைக்கும் என்ற சொல்லை நம்பி மகிழ்ந்தவர்களை நாம் குறைகூற முடியாது. ஆற்றுக்குத் தீங்கு வராமல் நவீன முறையில் சுரங்கம் நடத்துவோம் என்றும் அந்நிறுவனம் உறுதி கூறியது.

ஆனால் மக்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அன்றைய சட்டப்படி, எடுக்கும் தங்கத்தின் மதிப்பில் 2 விழுக்காடு மட்டுமே உரிமைத் தொகையாக நாட்டுக்கும் உள்ளாட்சிக்கும் சேர்த்துக் கிடைக்கும். தங்கம் தீர்ந்தவுடன் நிறுவனம் போய்விடும். கழிவும் ஆறும் ஊரோடு இருக்கும். இலாபம் ஒருவருக்கு, இழப்பு மற்றொருவருக்கு என்றால் அது எப்படி வளர்ச்சியாகும்? இதுவே அவர்கள் எழுப்பிய கேள்வி.

2007ஆம் ஆண்டு மே மாதத்தில் எல் சால்வதோர் ஆயர்கள் ஒன்றுசேர்ந்து, எல்லாருக்கும் உரிய இல்லத்தைக் காப்போம் என்ற கருத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டு, உலோகச் சுரங்கங்கள் வேண்டாம் என்றனர். அதன்பின் அரசும் புதிய உரிமங்களை நிறுத்தியது. 2009இல் அந்நிறுவனம் பன்னாட்டு முதலீட்டுத் தீர்ப்பாயத்தில் எல் சால்வதோர் மீது வழக்குத் தொடர்ந்தது. பின்னர் அது கேட்ட இழப்பீடு 25 கோடி டாலர். அதே 2009இல், சான் இசித்ரோவில் சுரங்கத்தை எதிர்த்துக் குரல் கொடுத்த மார்செலோ ரிவேரா கொல்லப்பட்டார். ஆற்றைக் காக்கப் பேசுவது அங்கு உயிருக்கே ஆபத்தாக இருந்தது.

ஊர்கள் அளித்த தீர்ப்பு

இந்நிலையில்தான் உள்ளாட்சிகள் முன்வந்தன. முக்கியமான பிரச்சனைகளில் ஊர் மக்களின் கருத்தை வாக்கெடுப்பு மூலம் கேட்க அந்நாட்டின் நகராட்சிச் சட்டம் இடம் தருகிறது. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் சலாத்தெனாங்கோ மாநிலத்தின் சான் ஹோசே லாஸ் ஃபுளோரெஸ் என்ற சிற்றூரில் முதல் வாக்கெடுப்பு நடந்தது. உள்நாட்டுப் போரின்போது துரத்தப்பட்டு, 1986இல் துணிந்து திரும்பி வந்து குடியேறியவர்களின் ஊர் அது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 99 விழுக்காட்டினர் சுரங்கம் வேண்டாம் என்றனர். அதைத் தொடர்ந்து சான் இசித்ரோ லப்ரதோர், நுவேவா திரினிதாத், ஆர்காதாவோ, சின்கேரா ஆகிய ஊர்களும் அவ்வாறே தீர்ப்பளித்தன. சில ஆயிரம் பேர் வாழும் சிற்றூர்கள்தாம் இவை. ஆயினும், முடிவெடுக்கும் முன் எங்களைக் கேளுங்கள் என்று அவை நாட்டுக்குச் சொல்லிவிட்டன.

2016 அக்டோபரில் பன்னாட்டுத் தீர்ப்பாயம் நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்து, வழக்குச் செலவுக்காக 80 இலட்சம் டாலரை எல் சால்வதோருக்குக் கொடுக்க ஆணையிட்டது. 2017 பிப்ரவரியில் பேராயர் ஹோசே லூயிஸ் எஸ்கோபார் அலாஸ், மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் இயேசு சபையினரோடும் மக்களோடும் நாடாளுமன்றத்துக்கு நடந்து சென்று, சுரங்கத் தடைச் சட்ட முன்வரைவை அளித்தார். மார்ச் 29ஆம் நாள், 84 உறுப்பினர்களில் 69 பேரின் ஆதரவோடு அது சட்டமானது. வலதுசாரியும் இடதுசாரியும் சேர்ந்து வாக்களித்தனர். உலோகச் சுரங்கத்தை முழுமையாகத் தடைசெய்த முதல் நாடு என்ற பெயரை எல் சால்வதோர் பெற்றது.

மீண்டும் திறந்த கதவு

கதை இங்கு முடிந்திருந்தால் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். ஆனால் அரசுத்தலைவர் நயீப் புக்கேலே, கடவுள் நம் காலடியில் வைத்த செல்வத்தைப் பயன்படுத்தாமல் விடலாமா என்ற வாதத்தை முன்வைத்தார். வேலைவாய்ப்பும் நாட்டின் முன்னேற்றமும் அவர் கூறிய காரணங்கள். 2024 டிசம்பர் 23ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு நாள்களுக்கு முன், நாடாளுமன்றம் 57 வாக்குகளோடு தடையை நீக்கியது. அதே மாதத்தில் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், தங்கள் நாடு சுரங்கத்துக்கு ஏற்றதல்ல என்று 59 விழுக்காட்டினர் கூறியிருந்தனர். 2025 மார்ச்சில் ஆயர்கள், ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேரின் கையொப்பங்களோடு, புதிய சட்டத்தைத் திரும்பப் பெறுமாறு நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டனர்.

இதில் நாம் எளிதில் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. 2023இல் கொண்டுவரப்பட்ட சட்டம் ஒன்று, அந்நாட்டின் 262 நகராட்சிகளை 44 ஆகக் குறைத்தது. 2024 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. வாக்கெடுப்பு நடத்திய அந்தச் சிற்றூர்கள் பெரிய நகராட்சிகளுக்குள் வெறும் உட்பகுதிகளாகிவிட்டன. சொந்த மேயரும் சொந்த மன்றமும் இன்று அவற்றுக்கு இல்லை. சுரங்கம் மீண்டும் வந்தால், 2014இல் கேட்டதுபோல் தங்கள் ஊரின் கருத்தைத் தனியாகக் கேட்க அந்த மக்களுக்கு ஊர் மன்றம் இல்லை.

ஆற்றுக்கு எல்லைக் கோடும் தெரியாது. லெம்பாவின் மேல்பகுதியில், குவாத்தமாலாவின் அசுன்சியோன் மீத்தா நகராட்சியிலும் செர்ரோ பிளாங்கோ என்ற சுரங்கத் திட்டம் உள்ளது. அங்கு 2022 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். சுரங்கம் பற்றி முடிவெடுக்க நகராட்சிக்கு அதிகாரமில்லை என்று அந்நாட்டு அமைச்சகம் சொல்லிவிட்டது.

நாம் சிந்திக்க

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், தூய்மையான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்கிறார். ஒரு திட்டத்தால் பாதிக்கப்படும் உள்ளூர் மக்களுக்கு, அதைப் பற்றிய உரையாடலில் தனி இடம் தரப்பட வேண்டும் என்றும் அதே மடலில் வலியுறுத்துகிறார். அவர் வளர்ச்சியை மறுக்கவில்லை. அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கச் சொல்கிறார்.

அன்பார்ந்தவர்களே, வேலையில்லாத இளைஞனின் ஏக்கமும் உண்மை. குடத்தோடு ஆற்றுக்குப் போகும் தாயின் அச்சமும் உண்மை. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசும் மன்றம் உள்ளாட்சிதான். எத்தனை ஆண்டுகளுக்கு வேலை? எத்தனை பேருக்கு? கழிவு எங்கே போகும்? நிறுவனம் போனபின் பொறுப்பு யாருக்கு? இக்கேள்விகளைச் சான் ஹோசே லாஸ் ஃபுளோரெஸ் மக்கள், பட்டம் பெற்ற வல்லுநர்களுக்கு விட்டுவிடாமல், தாங்களே கேட்டார்கள்.

அவர்கள் பெற்ற சட்டம் ஏழே ஆண்டுகளில் பறிபோனது. சட்டம் ஒருமுறை வந்துவிட்டால் ஆறு என்றென்றும் பாதுகாப்பாக இருக்கும் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. ஊர் கூடும் ஒவ்வொரு முறையும் அதை மீண்டும் காக்க வேண்டியிருக்கிறது. நம் ஊரில் கூட்டம் கூடும்போது, காலியாகக் கிடக்கும் நாற்காலிகளில் நம்முடையதும் ஒன்றா?