மழைக்காட்டு மலையூருக்கு மூன்று வழிகள்

ஓர் ஊரைக் காண்பதோடு அவ்வூருக்குச் செல்லும் வழியின் வரலாற்றையும் அறிந்தால்தான் பயணம் நிறைவுறும். இதனை நன்கு உணர்த்தும் ஊர் குராண்டா. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில், குயின்ஸ்லாந்து மாநிலத்துக் கெய்ர்ன்ஸ் நகருக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில், மழைக்காட்டின் நடுவே அமைந்த சிற்றூர் அது. காலையில் மலை இரயிலில் ஏறிச் சென்று, மாலையில் கம்பிவட ஊர்தியில் இறங்கி, ஒரே நாளில் அதனைக் கண்டு திரும்பலாம். பயணியர் பெரிதும் அறிந்தவை இவ்விரு வழிகளே. மூன்றாவதாகவும் ஒரு வழி உண்டு.

முதலில் இரயில் வழியைக் காண்போம். இன்று இன்பப் பயணத்திற்கு உதவும் அப்பாதை பசியினால் பிறந்தது. மலைக்கு அப்பால் உள்ள ஹெர்பர்ட்டனில் 1880இல் வெள்ளீயம் கண்டெடுக்கப்பட்டது. 1882ஆம் ஆண்டுப் பெருமழையில் வண்டித்தடங்கள் சேறாயின. உணவுப் பொருள்கள் வந்து சேராமையால் சுரங்கத் தொழிலாளர் பட்டினிக்கு ஆளாயினர். எம்மழையிலும் தடைப்படாத பாதை வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1886இல் பணி தொடங்கிற்று. மலையேறும் கடினமான பகுதியை ஜான் ராப் என்னும் ஒப்பந்தக்காரர் ஏற்றார். 1,500 பேர் வரை உழைத்தனர். அவர்களுள் அயர்லாந்து, இத்தாலி நாட்டவர் மிகுதி. கடப்பாறை, மண்வெட்டி, வாளி, வெடிமருந்து ஆகியவற்றைக் கொண்டே செங்குத்துச் சரிவுகளைச் செதுக்கினர். 15 குகைப்பாதைகளைக் குடைந்தனர். விபத்துகளிலும் நோயிலும் பலர் மாண்டனர். 1891இல் பாதை திறக்கப்பட்டது. அருவியொன்றின் முன்னே வளைந்து செல்லும் ஸ்டோனி கிரீக் பாலத்தைக் கண்டு பயணியர் வியக்கின்றனர். அப்பாலத்தைத் தாங்குவன இரும்புத் தூண்கள் மட்டுமல்ல. பெயர் அறியப்படாத உழைப்பாளர்களின் உயிர்களுமாகும்.

இரண்டாவது, 1995இல் திறக்கப்பட்ட ஸ்கைரெயில் என்னும் கம்பிவட வழி. அதன் நீளம் 7.5 கிலோமீட்டர். இவ்வட்டாரக் காடுகள் 1988இலேயே உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கப்பட்டிருந்தன. எனவே காட்டினுள் சாலை அமைக்காமலே பணி நடந்தது. தூண்களையும் கட்டுமானப் பொருள்களையும் ஹெலிகாப்டர்கள் சுமந்தன. தொழிலாளர்கள் நடந்து சென்றனர். தூண் நிறுத்தும் இடங்களில் அகற்றிய மேல்மண்ணையும் செடிகளையும் பாதுகாத்து, பணி முடிந்தபின் மீண்டும் அங்கேயே இட்டனர். அவ்வாறிருந்தும் எதிர்ப்புப் போராட்டங்கள் எழாமல் இல்லை. காட்டை வெல்ல வேண்டிய பகையாகக் கருதிய காலம் மாறி, காக்க வேண்டிய செல்வமாகக் கருதும் காலம் வந்ததை இவ்வழி காட்டுகிறது.

மூன்றாவது வழியே மூத்த வழி. அது ஜாபுகாய் மக்கள் காலங்காலமாக நடந்த ஒற்றையடிப் பாதை. புடாஜி என்னும் மலைப்பாம்பு கடற்கரைச் சங்குகளை மேட்டுநிலத்திற்குக் கொண்டுசென்று பைகளுக்கு மாற்றிக்கொண்டதாகவும், அது ஊர்ந்த தடமே பாரன் ஆறாயிற்று என்றும் அவர்தம் தொன்மக் கதை கூறும். கடலையும் மேட்டுநிலத்தையும் இணைக்கும் வணிகவழி இரயிலுக்கு முன்பே இருந்ததை இக்கதை உணர்த்துகின்றதன்றோ? வெள்ளையர் வகுத்த பழைய தடங்கள் பல இப்பாதைகளைப் பின்பற்றியவையே. ஆயினும் வழிகாட்டிய மக்கள் தம் நிலத்திலேயே உரிமை இழந்தனர். 1913இல் குராண்டாவிற்கு அருகே அமைந்த மோனா மோனா சமயக் குடியிருப்பில் அவர்களுள் பலர் கட்டாயமாகக் குடியமர்த்தப்பட்டனர். 2004ஆம் ஆண்டில்தான் பாரன் மலையிடுக்குத் தேசியப் பூங்காவில் அவர்களின் தொல்குடி உரிமை சட்டப்படி ஏற்கப்பட்டது.

2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயலைத் தொடர்ந்து பெய்த பெருமழையில் மண் சரிந்து இருப்புப்பாதை சேதமுற்றது. இரயில் சில மாதங்கள் ஓடவில்லை. எம்மழைக்கும் அஞ்சாத பாதையாக எண்ணி அமைத்ததையும் மழை நிறுத்திவிட்டது. மலை மனிதனுக்கு வழி விடுகிறது. ஆனால் தன் உரிமையை விட்டுக்கொடுப்பதில்லை.

மாணவ நண்பர்களே! எம்மலைக்குச் சுற்றுலா சென்றாலும் சாளரத்தின் வழியே இயற்கை எழிலைக் கண்டு மகிழுங்கள். அத்துடன், இவ்வழியை அமைத்தவர் யார், இதற்கு முன் இங்கே நடந்தவர் யார் என்ற இரு வினாக்களையும் எழுப்புங்கள். அப்போதுதான் சுற்றுலா கல்வியாகும்.