கணிப்பொறித் துப்புரவும் கடிதப் பாதுகாப்பும்

வீட்டைப் பெருக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கமே. ஆனால் பெருக்கித் தள்ளிய குப்பையோடு பெட்டிச் சாவியும் தெருவுக்குப் போய்விடுமாயின், அத்துப்புரவினால் விளைந்த பயன் என்ன? கணிப்பொறியைச் சுத்தம் செய்யும் விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டற்பாலது. அங்கத்தினர் பலர் வீட்டிலும் அலுவலகத்திலும் இவ்வியந்திரத்தை உபயோகித்து வருகின்றமையால், இதுபற்றிச் சில செய்திகளை இங்கு விளக்க முற்படுகிறோம்.

எமக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் நேர்ந்ததை முதலில் கூறுவோம். அங்கிருந்த கணிப்பொறி மிக மெதுவாக இயங்கிற்று. குமாஸ்தா, நல்லெண்ணத்துடனேயே, இலவசமாகக் கிடைத்த ஒரு துப்புரவு மென்பொருளை ஏற்றி, அது காட்டிய கட்டங்கள் அனைத்திலும் குறியிட்டு ஓட்டிவிட்டு மாலையில் வீடு சென்றார். மறுநாட் காலையில் மின்னஞ்சலைத் திறக்க முயன்றபோது கடவுச்சொல் கேட்டது. அதை எவரும் எழுதி வைத்திருக்கவில்லை; உலாவியே அதை நினைவில் வைத்திருந்தது; அந்த நினைவோ முதல்நாள் மாலையே துடைக்கப்பட்டுவிட்டது. மீட்புக்கென்று பதிவு செய்திருந்த தொலைபேசி எண், ஓய்வு பெற்றுச் சென்ற முந்தைய குமாஸ்தாவினுடையது. நூல் கொள்முதலுக்கான கடிதம் அன்று மாலைக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அப்பெரியவர் தமது பழைய எண்ணை விடாமல் வைத்திருந்த ஒரே காரணத்தால் காரியம் பிழைத்தது. விட்டுவிட்ட எண்கள் சில காலத்திற்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படுவது வழக்கம். அவ்வாறு நேர்ந்திருப்பின், அஞ்சற்பெட்டியின் சாவி முன்பின் அறியாதவர் கையில் இருந்திருக்கும்.

எது பதர்? எது மணி?

துப்புரவு மென்பொருள் காட்டும் பட்டியலில் பதரும் மணியும் கலந்தே நிற்கும். அவற்றைப் பிரித்தறிவது நம்முடைய பொறுப்பு.

ஒரு வலைத்தளத்தைப் பார்க்கும்போது அதன் படங்களையும் பிறவற்றையும் உலாவி தன்னிடம் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். மறுமுறை விரைவாகக் காட்டவே இந்த ஏற்பாடு. இதற்குக் கேஷ் என்று பெயர். இதை அழிப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை. முதல்முறை திறக்கையில் சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. சில நாட்களில் அது மறுபடியும் நிரம்பிவிடுவதும் இயல்பே. அதைக் கண்டு மென்பொருள் வேலை செய்யவில்லையென்று கருதலாகாது.

குக்கி என்பது வேறு. நாம் இன்னாரென்று வலைத்தளம் தெரிந்துகொள்வதற்காக நமது உலாவியில் அது விட்டுவைக்கும் சிறு சீட்டு இது. இதை அழித்தால் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேற்றப்படுவோம். கடவுச்சொல் தெரிந்தவர்க்கு இது தொல்லை மட்டுமே. தெரியாதவர்க்கு வாயிற்கதவு அடைபட்டதாகும். இதே சீட்டைப் பிறர் திருடினால், கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழையக் கூடும் என்பதையும் மறத்தலாகாது. ஆகையால் பொது இடத்துக் கணிப்பொறியில் வேலை முடிந்ததும் இதை அழிப்பதே முறை.

சேமித்த கடவுச்சொற்கள், தாமே நிரம்பும் முகவரிகள், பிடித்த பக்கங்களின் குறிப்புகள் ஆகியவை மணிகள். இவற்றுக்குரிய கட்டங்களில் குறியிடவே கூடாது. 'டவுன்லோட்ஸ்' என்னும் உறையும் அப்படியே. விண்டோஸ் இயந்திரத்தோடு வரும் துப்புரவுக் கருவியின் பட்டியலிலும் இவ்வுறை இடம்பெறுவதுண்டு. வங்கிக் கணக்கு விவரங்களையும் ரசீதுகளையும் பலர் அங்கேதான் விட்டுவைக்கின்றனர்.

கடிதம் எங்கே இருக்கிறது?

மின்னஞ்சலைப் பெறுவதில் இரு முறைகள் உள. ஐமேப் என்னும் முறையில் மூலக் கடிதம் வழங்கியிலேயே இருக்கும். நம் இயந்திரத்தில் இருப்பது நகல். நகல் அழிந்தால் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். பாப் என்னும் பழைய முறையிலோ, கடிதம் நம் இயந்திரத்துக்கு வந்தபின் வழங்கியிலிருந்து நீக்கப்படுவது வழக்கம். அப்போது நம்மிடம் உள்ளதே ஒரே பிரதி. தம் கணக்கு எம்முறையைச் சேர்ந்தது என்பதை அறியாமல் எவரும் துப்புரவில் இறங்கலாகாது.

தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளில் ஓர் உறையின் கடிதங்கள் யாவும் சாதாரணமாக ஒரே கோப்பில் தொடர்ச்சியாக எழுதப்பட்டிருக்கும். ஆயிரம் கடிதங்களுள் ஒன்றில் நச்சுநிரல் ஒட்டியிருப்பதாகக் கண்டு, காவல் மென்பொருள் அக்கோப்பையே அகற்றிவிட்டால், மீதிக் கடிதங்களும் அதனுடன் மறைந்துவிடும். வருகைப் பெட்டி திடீரென வெறுமையானால், முதலில் காவல் மென்பொருளின் தனிச்சிறையைத் திறந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் கோப்பு அங்கே பத்திரமாக இருக்கும்.

துப்புரவுக்கு முன்

முதலாவதாக, பிரதி எடுத்தல். தண்டர்பேர்டும் பயர்பாக்ஸும் தம் செல்வம் அனைத்தையும் 'புரொஃபைல்' என்னும் ஓர் உறையில் வைக்கின்றன. மென்பொருளை மூடிவிட்டு, அவ்வுறையை முழுமையாக வெளித் தட்டொன்றில் நகலெடுக்க வேண்டும். பகுதி பகுதியாக எடுத்தல் பயன் தராது. பயர்பாக்ஸில் கடவுச்சொற்கள் ஒரு கோப்பிலும் அவற்றைத் திறக்கும் திறவுகோல் மற்றொரு கோப்பிலும் உள்ளமையால், ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல் இரண்டும் வீண். அவுட்லுக் உபயோகிப்போர் தம் பி.எஸ்.டி. கோப்பைப் பிரதி எடுக்க வேண்டும்.

குரோம் உலாவியின் கடவுச்சொற்கள் அவ்வியந்திரத்தின் விண்டோஸ் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை. உறையை நகலெடுத்து வேறு இயந்திரத்தில் வைத்தால் அவை திறவா. அவற்றை ஏற்றுமதி செய்யலாம்; ஆனால் அந்தக் கோப்பு எவரும் படிக்கத்தக்க வெற்றெழுத்தில் இருக்கும். தேவை முடிந்ததும் அதை உடனே அழித்துவிட வேண்டும்.

இரண்டாவதாக, உலாவி பல இயந்திரங்களோடு ஒத்திசைந்து இருக்குமாயின், ஓரிடத்தில் அழிப்பது எல்லாவிடத்தும் அழிவதாகும். கணிப்பொறியில் துடைத்த கடவுச்சொல் கைப்பேசியிலிருந்தும் மறைந்துபோகும். ஆகவே முதலில் ஒத்திசைவை நிறுத்துக.

மூன்றாவதாக, முக்கியமான கடவுச்சொற்களை உலாவியின் பொறுப்பில் மட்டும் விடலாகாது. அலுவலகக் கணக்காயின், எழுதி உறையிலிட்டு முத்திரை வைத்து இரும்புப் பெட்டியில் வைத்தல் நன்று. மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் இன்று பொறுப்பிலுள்ளவருடையனவா என்று ஆண்டுக்கொருமுறையேனும் சரிபார்க்க வேண்டும். இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்திக்கொள்வதும் அவசியம்.

மென்பொருள் தடைப்பட்டால்

துப்புரவு பாதியில் நிற்பதற்கும், சில கோப்புகள் தவிர்க்கப்பட்டன என்ற செய்தி வருவதற்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: உலாவி திறந்திருக்கிறது. சாளரத்தை மூடிய பின்பும் குரோம் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கக் கூடும். அதன் அமைப்பிற் சென்று, மூடியபின் பின்னணியில் இயங்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, இயந்திரத்தை ஒருமுறை அணைத்துத் தொடங்கினால் தடை நீங்கும். அப்படியும் தீராவிடில், மென்பொருளை நீக்கி, அதை ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்து புதிய பதிப்பை ஏற்றுக. வேறிடங்களில் கிடைக்கும் பிரதிகளைத் தொடலாகாது.

ரெஜிஸ்ட்ரி என்னும் விண்டோஸ் பதிவேட்டைச் சுத்தம் செய்வதாகக் கூறும் பகுதியை அறவே தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அத்தகைய கருவிகளைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே தெரிவித்துள்ளது. அப்பதிவேட்டில் சில வரிகளை நீக்குவதால் வேகம் கூடுவது அரிது. தவறான வரி நீங்கினால் இயந்திரமே எழாமற் போகலாம். பாவில் ஓர் இழையை அறியாமல் அறுத்துவிட்டால் துணி முழுவதும் குறை தோன்றுவதை நெசவாளர் அறிவர்.

2017-ல் கிடைத்த பாடம்

உலகெங்கும் பெயர் பெற்ற சிகிளீனர் என்னும் துப்புரவு மென்பொருளுக்கு 2017-ஆம் ஆண்டில் நேர்ந்த கதி அனைவரும் அறியத்தக்கது. ஆக்கியோரின் தொழிற்கூடத்திலேயே திருடர் புகுந்து, 5.33 என்னும் பதிப்பினுள் நச்சுநிரலைச் சேர்த்துவிட்டனர். ஆகஸ்டு 15 முதல் செப்டம்பர் 12 வரை அப்பதிப்பு அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்தே, முறையான கையொப்பத்துடனே வழங்கப்பட்டது. அதை ஏற்றிக்கொண்டோர் ஏறத்தாழ 22 லட்சத்து 70 ஆயிரம் பேர். திருடரின் உண்மையான இலக்கு சில பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் என்பதும், இரண்டாம் கட்டத் தாக்குதல் சுமார் 40 இயந்திரங்களையே சென்றடைந்தது என்பதும் பின்னர் தெரியவந்தன. ஆராய்ந்தோர் கூறிய பரிகாரம், ஆகஸ்டு 15-க்கு முந்தைய பிரதியைக் கொண்டு இயந்திரத்தை மீட்டமைத்தல் என்பதாம். பிரதி வைத்திருந்தவர்க்கே அப்பரிகாரம் எளிதாயிற்று. நம்பகமான இடத்திலிருந்து வந்தது என்பது மட்டும் போதாது. தேவையில்லாத மென்பொருளை ஏற்றாமலிருப்பதே முதற் காவல். சாதாரண உபயோகத்திற்கு விண்டோஸிலேயே உள்ள 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்னும் வசதி போதுமானது.

"உங்கள் கணிப்பொறியில் நச்சுநிரல் உள்ளது, இந்த எண்ணை உடனே அழையுங்கள்" என்று திரையில் திடீரெனத் தோன்றும் அறிவிப்புகள் யாவும் வஞ்சகமே. அழைக்கலாகாது. பணம் இழந்தவர்கள் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும்.

இழந்துவிட்டால்

அழியக்கூடாதது அழிந்துவிட்டதென்று தெரிந்த உடனே அவ்வியந்திரத்தில் வேறு வேலை செய்வதை நிறுத்துக. குப்பைத்தொட்டியைப் பார்க்க, பின்னர் கைப்பேசியைப் பார்க்க. அதில் அஞ்சற்கணக்கு இன்னும் திறந்திருக்கக் கூடும். அங்கிருந்தே மீட்பு எண்ணைச் சரிசெய்து புதிய கடவுச்சொல்லும் அமைத்துக்கொள்ளலாம். பழைய வகைச் சுழல்தட்டில் அழிந்த கோப்பை நிபுணர் சில வேளை மீட்டுத் தருவர். எஸ்.எஸ்.டி. என்னும் புதிய வகையில் அந்நம்பிக்கை மிகக் குறைவு.

விதை நெல்லைக் கோட்டை கட்டி வைத்த பிறகே குடியானவர் மீதி நெல்லைச் செலவிடத் தொடங்குவர். அதைப்போல, பிரதியைப் பத்திரப்படுத்திய பின்னரே துப்புரவில் இறங்குதல் வேண்டும். இவ்விதழைப் படித்து முடித்ததும் அங்கத்தினர்கள் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு: தத்தம் மின்னஞ்சலின் மீட்பு எண் யாருடையது என்று இன்றே பார்த்துவிடுவது. ஐந்து நிமிஷ வேலைதான். பின்னர் பல நாள் அலைச்சலை அது தவிர்க்கும்.