களைப்பு எல்லாம் கவலையால் வருவதில்லை

எங்களுக்குக் களைப்பு என்றால் உடனே யுத்தத்தின் மேல்தான் பழி போடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். 2009 இல் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளுடன் செட்டிகுளம் முகாமில் இருந்து, 2011 இல் ஊர் திரும்பினேன். அதன்பின் உடம்பு பாரமாகவே இருந்தது. வெயிலிலும் குளிர்ந்தது. தலைமயிர் உதிர்ந்தது, மலச்சிக்கல், குரல் கரகரப்பு. சாப்பாடு குறைவு, ஆனால் உடம்பு ஊதியது. "யோசிச்சு யோசிச்சுத்தான் இப்பிடி" என்றார்கள். நானும் நம்பினேன்.

2014 இல் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர்தான் என் முகவீக்கத்தைக் கண்டு இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கழுத்தின் முன்பக்கத்தில் உள்ள தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்கிறதாம். அது சோர்ந்தால், வேலை செய் என்று மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி ரி.எஸ்.எச். என்ற ஓமோனைக் கூட்டி அனுப்பும். என் இரத்தத்தில் அது மிக அதிகம். தைரொக்சின் குளிசை தந்தார்கள். சில மாதத்தில் மீண்டும் தையல் மெசினில் இருந்தேன்.

2016 இல் முழங்கால் உளைவு வந்தது. "விற்றமின் டி போடு, தைரொயிட்டுக்கும் நல்லது, பிறகு மற்றக் குளிசையே தேவைப்படாது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பாமசியில் கல்சியமும் விற்றமின் டியும் சேர்ந்த குளிசை வாங்கி, மறக்காமல் இருக்கத் தைரொக்சினுடன் சேர்த்தே விடியவில் விழுங்கினேன். மூன்று மாதத்தில் பழைய களைப்பு திரும்பியது. தைப்பதற்கு எடுத்த துணிகள் அப்படியே கிடந்தன. பதினான்கு வயது மகள் சமைப்பதற்காகப் பள்ளிக்கூடம் போகாமல் நின்றாள். அதுதான் என்னைச் சுட்டது.

கிளினிக்கில் ரி.எஸ்.எச். ஏறியிருந்தது. தாதி கேட்டார்: "அக்கா, விடிய எழும்பினதும் என்னென்ன குளிசை போடுறனீங்கள்?" சொன்னேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். கல்சியம் குடலில் தைரொக்சினைப் பிடித்து வைத்துவிடும், மருந்து இரத்தத்தில் சேராது. இரும்புச்சத்துக் குளிசையும் அப்படித்தான். இரண்டுக்கும் இடையே நான்கு மணித்தியாலம் வேண்டும்.

வைத்தியர் மருந்தின் அளவைக் கூட்டவில்லை. நேரத்தைத்தான் மாற்றினார். விடிய வெறும் வயிற்றில் தண்ணீருடன் தைரொக்சின், அரை மணி முதல் ஒரு மணித்தியாலம் கழித்தே தேத்தண்ணி. கல்சியக் குளிசை இரவுச் சாப்பாட்டுடன். எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது ரி.எஸ்.எச். சரியாக இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள்.

விற்றமின் டி கூடாது என்று நான் சொல்லவில்லை. எலும்புக்கு அது தேவை. தைரொயிட் குறைந்தவர்கள் பலரிடம் அதுவும் குறைவாகக் காணப்படுகிறது. என்னைப்போல நாள் முழுவதும் வீட்டுக்குள் இருந்து தைப்பவர்களுக்கு, வெயில் நாட்டிலும் அது குறையலாம். அமெரிக்காவில் 25,000 இற்கு மேற்பட்டோரிடம் நடந்து 2022 இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு 2,000 அலகு விற்றமின் டி எடுத்தவர்களிடம், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்கள் ஓரளவு குறைவாகவே புதிதாக வந்தன. ஆனால் அது நோய் வராமல் தடுப்பது பற்றியது. சோர்ந்துபோன சுரப்பிக்கு விற்றமின் டி தைரொக்சினுக்கு ஈடாகாது. அளவு மீறினால் இரத்தத்தில் கல்சியம் ஏறி வாந்தியும் சிறுநீரகக் கல்லும் வரலாம். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 அலகு போதும். சாளை, சூடை மீனிலும் முட்டை மஞ்சட்கருவிலும் கொஞ்சம் உண்டு.

சகோதரிகளே, கிளினிக் போகும்போது வீட்டில் உள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். தைரொக்சினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிள்ளை தங்கினால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள், அளவைக் கூட்ட வேண்டிவரும். கவலைக்கு மருந்து இல்லாமல் இருக்கலாம். ஆனால் எல்லாக் களைப்பும் கவலை அல்ல. ஒருதரம் இரத்தம் சோதித்துப் பாருங்கள்.