நோம்பி ஒரு நாள், பெட்டி மூன்று வாரம்

ஆயுதபூஜைக்குப் பட்டறை வாசலில் பொரி மூட்டை இறங்கும் நாளிலிருந்து, தை மாதம் பூப்பறிக்கப் போகும் நாள் வரைக்கும் கோவை துடியலூர்ப் பக்கம் பலகாரத்துக்கு ஓய்வில்லை. தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ் கேக், புத்தாண்டு, பொங்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். லேத் பட்டறையும் பவுண்டரியும் பம்ப் கம்பெனியும் நிறைந்த பகுதி இது. போனஸோடு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வரும். கடைக்காரர் வாடிக்கையாளருக்கு ஒன்று தருவார். குடியிருப்பவர் வீட்டுக்காரருக்கு ஒன்று கொடுப்பார். சம்பந்தி வீட்டிலிருந்து தலைதீபாவளிச் சீரோடு நாலைந்து சேரும்.

முன்பெல்லாம் கொங்கு வீடுகளில் நோம்பிக்கு நோம்பிதான், அதாவது பண்டிகைக்குப் பண்டிகைதான், எண்ணெய்ச் சட்டி அடுப்பேறும். கச்சாயமும் முறுக்கும் சுட்டால் நாலு நாளில் தீர்ந்துவிடும். காட்டு வேலை அதைக் கரைத்தும்விடும். இப்போது வேலை பெரும்பாலும் உட்கார்ந்த இடத்தில். பெட்டிகளோ ஃபிரிட்ஜில் மூன்று வாரம் தங்குகின்றன. நோம்பியன்று ஒரு ஜிலேபி சாப்பிடுவதால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. காபிக்கு ஒன்று, டிவி பார்க்கையில் ஒன்று எனப் பெட்டி காலியாகும்வரை கை போய்க்கொண்டே இருப்பதில்தான் தொல்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வின் கணிப்புப்படி, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். நாம் கொடுக்கும் பெட்டி இவர்களில் ஒருவர் வீட்டுக்கும் போகும்.

ஒரு துண்டில் எவ்வளவு?

1948-ல் கோவையில் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ், மைசூர்பாவை இந்த ஊரின் அடையாளமாகவே ஆக்கிவிட்டது. வெளியூர் உறவினர் வந்தால் திரும்பும்போது கையில் அது இருக்கும். அதையே வீட்டில் செய்வதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 100 கிராம் கடலைமாவுக்கு 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் நெய். இதில் 25 கிராம் எடையுள்ள ஒரு துண்டை எடுத்தால் அதில் மாவு 5 கிராம், சர்க்கரை 10 கிராம், நெய் 10 கிராம். மொத்தம் சுமார் 150 கலோரி. அதில் 90 கலோரி நெய்யிலிருந்தே வருகிறது.

உணவில் சேர்க்கும் சர்க்கரை, நாள் முழுதுக்குமான கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றும், 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்றும் 2015-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அந்த 5 சதவீதம் ஏறக்குறைய 25 கிராம், அதாவது ஐந்தாறு டீஸ்பூன். தீபாவளியன்று ஆறு வீட்டுக்குப் போய், வீட்டுக்கு ஒரு துண்டு வாயில் போட்டாலும் 60 கிராம் சர்க்கரை, 900 கலோரி. இதில் காபிச் சர்க்கரையும் முறுக்கும் மிக்சரும் சேரவில்லை.

நாட்டுச்சர்க்கரை போட்டால் சரியா?

"வெள்ளைச் சர்க்கரை இல்லீங்க, நாட்டுச்சர்க்கரை போட்டது. தாராளமாச் சாப்பிடுங்க!" நம் ஊரில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி மூன்றுக்கும் மணமும் ருசியும் உண்டு; இரும்பு, பொட்டாசியம் போன்ற தாதுக்களும் கொஞ்சம் உண்டு. ஆனால் அவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றுவதில் வெள்ளைச் சர்க்கரைக்கு அவை அதிகம் இளைத்தவை அல்ல. ஒப்புட்டுக்கு வெல்லம் போடுவது ருசிக்காக. அதை மருந்தாக நினைத்து இரண்டுக்கு நாலாகச் சாப்பிட்டால் கணக்கு ஏறத்தான் செய்யும். தீபாவளி லேகியமும் இப்படித்தான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் சேர்ந்தது என்றாலும் அதன் உடல் வெல்லமும் நெய்யும். நீரிழிவு உள்ளவர் அதையும் இனிப்புக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

விருந்தாளிக்கு என்ன வைக்கலாம்?

புதுமாப்பிள்ளை வந்தால் சந்தகை பிழிவது கொங்கு வீட்டு வழக்கம். அரிசியை ஆட்டி, ஆவியில் வேகவைத்து, சூட்டோடு பிழிவதால் எண்ணெய்ச் செலவு இல்லை. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் தனித்தனியாக வைத்தால் வேண்டியவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்வார். எலுமிச்சைச் சந்தகை, எள்ளுப்பொடிச் சந்தகை என்று காரவகையும் சேர்ந்தால் இனிப்பு தானாகக் குறையும். என்ன இருந்தாலும் சந்தகையும் அரிசிதான் என்பதால் தட்டு நிறைய வேண்டாம். கூடவே கொண்டைக்கடலைச் சுண்டலோ பாசிப்பயறுச் சுண்டலோ ஒரு கிண்ணம் வைத்தால், அதிலுள்ள புரதமும் நார்ச்சத்தும் வயிற்றை நிறைக்கும். சர்க்கரை ஏறும் வேகமும் குறையும்.

பலகாரத் தட்டில் ஆறு வகை வைப்பதைக் கைவிட மனம் வராதவர்கள் துண்டைச் சிறிதாக்கலாம். எலுமிச்சை அளவு லட்டை நெல்லிக்காய் அளவில் பிடிக்கலாம். மைசூர்பாவைப் பாதியாக வெட்டலாம். வகை குறையாது, அளவு மட்டும் குறையும். தட்டில் கொய்யாத் துண்டுக்கும் மாதுளை முத்துக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். குழந்தைகள் முதலில் அதைத்தான் காலி செய்வார்கள்.

கறிக்குழம்பு, பிரியாணி என்று விருந்து வைத்தால் இன்னொரு கவனம் வேண்டும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. மீந்ததைச் சிறு பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுபடி எடுக்கும்போது உள்ளே வரை ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும்.

குடிக்க என்ன தருவது?

கோலா வகைக் குளிர்பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். 300 மில்லி டம்ளர் ஒன்று குடித்தாலே அன்றைய 25 கிராம் தாண்டிவிடும். பெட்டிப் பழச்சாறுகள் பலவும் இதே கணக்குதான். மோரில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டுத் தரலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் சுக்குமல்லிக் காபி இதமாக இருக்கும். கருப்பட்டியைக் கலக்காமல் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பொள்ளாச்சி இளநீரும் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது.

மது பற்றியும் ஒரு வார்த்தை. பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. விருந்தில் குடித்தவர் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்து மேட்டுப்பாளையம் சாலைக்கு அனுப்பாதீர்கள்.

எண்ணெய்ச் சட்டி கவனம்

முறுக்குச் சுட்ட எண்ணெயில் அதிரசம், அதே எண்ணெயில் மறுநாள் பஜ்ஜி என்று ஓட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் கெடுதியான சேர்மங்கள் பெருகும். கடைகளுக்குச் சட்டமே உண்டு. எண்ணெயில் இந்தச் சேர்மங்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. வீட்டில் அளந்து பார்க்க முடியாது. நிறம் கறுத்தாலோ, நுரைத்தாலோ, பிசுபிசுத்தாலோ, சீக்கிரமே புகைந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான். சட்டியில் கொஞ்சமாக எண்ணெய் ஊற்றிச் சுட்டால் மீதம் குறையும். சுட்டதைச் செய்தித்தாளில் வடிய வைக்காதீர்கள். அச்சு மை பலகாரத்தில் ஏறும். வாழையிலையோ வெறும் காகிதமோ போதும்.

பெட்டி வாங்கும்போது

சில்லறையாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்த நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்று தட்டின் முன்னால் எழுதி வைப்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தந்த வழிகாட்டுதல்படி கலாகண்டுக்கு ஒரு நாள், ரசகுல்லா, ரசமலாய்க்கு இரண்டு நாள், பால் பர்பிக்கும் பேடாவுக்கும் நான்கு நாள், முந்திரி கத்லிக்கு ஏழு நாள் ஆயுள். ஒரு வீட்டுக்கு வந்த பெட்டி பிரிக்கப்படாமலே அடுத்த வீட்டுக்குப் போவது நமக்குத் தெரியாததல்ல. பால் இனிப்பு மூன்றாவது வீட்டை அடைவதற்குள் அதன் ஆயுள் முடிந்திருக்கும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் அங்கே காத்திருக்கும்.

கண்ணைப் பறிக்கும் நிறமும் எச்சரிக்கைதான். அனுமதி பெற்ற செயற்கை நிறங்களைக்கூட இனிப்பில் அளவோடுதான் சேர்க்கலாம். மெட்டானில் மஞ்சளும் ரோடமின்-பி-யும் உணவில் அறவே கூடாதவை. ரோடமின்-பி கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழகத்தில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. பெட்டியில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டுப்போன பண்டம் கிடைத்தால் மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் புகார் அனுப்பலாம்.

வேறு என்ன கொடுக்கலாம்?

ஒரு கிலோ இனிப்புக்குப் பதிலாகக் கால் கிலோ போதும். மீதிப் பணத்துக்கு நம் மண்ணிலேயே நல்ல பொருள்கள் கிடைக்கின்றன. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சள், நீலகிரித் தேயிலை, மரச்செக்கு நல்லெண்ணெய் அரை லிட்டர் என்று யோசிக்கலாம். காரமடைப் பக்கம் கறிவேப்பிலை ஏராளம். அதை வாங்கிக் காயவைத்து, உளுந்தும் மிளகும் வறுத்துச் சேர்த்துப் பொடித்தால் ஒரு பாட்டில் அன்பளிப்பு தயார். கம்பு, தினை, கொள்ளு ஆளுக்கு அரை கிலோ வீதம் துணிப்பையில் கட்டிக் கொடுக்கலாம். துடியலூர்ச் சந்தைக்கு வரும் பழங்களில் ஒரு கூடை கட்டினாலும் போதும்.

இனிப்பாகத்தான் தர வேண்டும் என்றால் எள்ளுருண்டையும் கடலை உருண்டையும் இருக்கின்றன. இவற்றிலும் வெல்லம் உண்டு, கலோரியும் உண்டு. ஆனாலும் எள்ளும் கடலையும் புரதத்தோடு வருபவை, நாள் தாங்குபவை. பாதாம், முந்திரி தருவதானால் உப்பிடாததாகப் பாருங்கள். நாளுக்கு ஒரு கைப்பிடிதான் அளவு. கடலை ஒவ்வாமை உள்ள வீடா என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் சிக்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

நோய் உள்ளவர்கள் கவனிக்க

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், கேதாரகௌரி விரதம் போன்ற நாளில் பட்டினி கிடப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று லட்டைக் கொடுக்கக்கூடாது. அதிலுள்ள நெய், சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

ரத்த அழுத்தம் உள்ளவருக்கு இனிப்பைவிட மிக்சர், முறுக்கு, அப்பளம், ஊறுகாய் அதிகத் தொல்லை தரும். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். நோம்பி நாள் என்று மாத்திரையை விட்டுவிடுவதும், இனிப்புச் சாப்பிட்டதற்காகத் தாமே இரண்டு மாத்திரை போட்டுக்கொள்வதும் இரண்டுமே ஆபத்து.

"வேண்டாங்க" என்றால்

"இன்னும் ஒன்னே ஒன்னு வெச்சுக்குங்க, நோம்பியும் அதுவுமா!" என்று வற்புறுத்துவது நம் ஊர் உபசாரம். வற்புறுத்தாவிட்டால் மரியாதை இல்லை என்று நினைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அந்த வற்புறுத்தலுக்கு மறுப்புச் சொல்ல முடியாமல் சாப்பிட்டுவிட்டு, இரவில் சர்க்கரை 300 காட்டும்போது தவிப்பவர் விருந்தாளிதான். தட்டில் எடுத்துவைத்து நீட்டுவதைவிட, வகைகளை நடுவில் வைத்து "வேணுங்கறத எடுத்துக்குங்க" என்று விட்டுவிடுவது மேல். முதல்முறை "வேண்டாங்க" என்று சொன்னதும் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். அவர்கள் இத்தனை தூரம் வந்தது அதற்குத்தானே.