மார்க் ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கம்... பாட்டுப் போட்டியில் நிஜமாக ஜெயிப்பது யார்?

வெள்ளிக்கிழமை ராத்திரி பெருங்களத்தூர் எப்படி இருக்கும்? தென் மாவட்டத்துக்காரர்களைக் கேளுங்கள். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வருவதற்கு முன்பெல்லாம் ஊருக்குக் கிளம்பும் பாதிப் பேர் ஜிஎஸ்டி ரோட்டில் இங்கேதான் பையும் கையுமாக நிற்பார்கள். 2015 பிப்ரவரி 20-ம் அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான். அன்றைக்குத்தான் விஜய் டிவியில் 'சூப்பர் சிங்கர் ஜூனியர் 4' இறுதிச்சுற்று.

பெங்களூருவிலிருந்து வந்த ஸ்பூர்த்திக்கு முதலிடம். கனடா தமிழ்ப் பெண் ஜெசிக்காவுக்கு இரண்டாமிடம். "ஜெசிக்காதான் ஜெயிச்சிருக்கணும்" என்று ஒரு கூட்டம், "ஸ்பூர்த்தி பாட்டைக் கேட்டீங்களா?" என்று இன்னொரு கூட்டம். வீட்டுக்கு வீடு ஆரம்பித்த சண்டை அப்படியே ஃபேஸ்புக்குக்கும் போனது.

ஜெசிக்காவுக்குப் பரிசாகக் கிடைத்தது ஒரு கிலோ தங்கம். அதில் பாதி தமிழ்நாட்டு ஆதரவற்ற குழந்தைகளுக்கு, பாதி ஈழத்துக் குழந்தைகளுக்கு என்று அவர் தரப்பில் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு மனதில் நின்றுவிட்டது. ஆனால் 'முடிவு சரியா?' என்ற கேள்வி மட்டும் ஓயவே இல்லை.

இது முதல் முறையும் இல்லை!

2011-ல் 'சூப்பர் சிங்கர் 3'. ஸ்ரீனிவாஸ், சுஜாதா, உன்னிகிருஷ்ணன் நடுவர்கள். இறுதியில் சாய்சரண், சத்யபிரகாஷ், சந்தோஷ், பூஜா என நான்கு பேர். பட்டம் சாய்சரணுக்கு. சத்யபிரகாஷுக்குத்தான் கிடைக்கும் என்று நம்பியிருந்த ரசிகர்களுக்குத் தூக்கமே வரவில்லை.

2016-ல் 'சூப்பர் சிங்கர் 5'. ஃபரீதா, ராஜகணபதி என்று பலமான போட்டி. வென்றவர் ஆனந்த் அரவிந்தாக்‌ஷன். இந்த முறை சண்டையே வேறு. 'ஏற்கெனவே சினிமாவில் பாடியவர், புதுக்குரலைத் தேடும் போட்டியில் எப்படிக் கலந்துகொள்ளலாம்?' என்று கேட்டார்கள். அவர் நன்றாகப் பாடவில்லை என்று யாரும் சொல்லவில்லை. கோபமெல்லாம் விதியின் மேல்தான்.

தராசு ஒன்றல்ல, இரண்டு

பிரச்னையின் வேர் இங்கேதான் இருக்கிறது. மாதக்கணக்கில் நடக்கும் சுற்றுகளில் நடுவர்கள் பார்ப்பது சுருதி, தாளம், உச்சரிப்பு, பாவம். யார் உள்ளே, யார் வெளியே என்பதில் அவர்கள் சொல்தான் பெரிது. இறுதிச்சுற்றில் அந்தத் தராசை எடுத்து வைத்துவிட்டு, பார்வையாளர் ஓட்டு என்ற இன்னொரு தராசைக் கொண்டு வருகிறார்கள்.

ஓட்டுக்குச் சுருதி தெரியாது. சொந்த ஊர்க்காரர், ஏழை வீட்டுப் பிள்ளை, சிரித்த முகம் எல்லாம் அதில் சேரும். ஒருவரே பல முறை ஓட்டுப் போட முடிந்தால், எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதைவிட யாருடைய ரசிகர்கள் விடாமல் அழுத்தினார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கும். ஒரு தராசில் ஜெயித்தவர் இன்னொன்றில் தோற்றால் அது மோசடிதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பார்ப்பவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

ஸ்பெயினையே உலுக்கிய கணக்கு

நடுவர் மார்க்கையும் மக்கள் ஓட்டையும் கலந்தால் என்ன ஆகும்? யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு ஆள் அனுப்ப 2022 ஜனவரியில் ஸ்பெயின் நடத்திய 'பெனிடார்ம் ஃபெஸ்ட்' இதற்குச் சரியான உதாரணம். நடுவர்களுக்குப் பாதி, மக்களுக்குப் பாதி என்பது விதி.

டெலிபோன் ஓட்டில் 'டான்ஷுகேராஸ்' என்ற மூன்று பெண்கள் குழுவுக்கு 70.75 சதவிகிதம்! ஷனெல் என்ற பாடகிக்கு வெறும் 3.97. ஆனால் ஜெயித்தது ஷனெல். எப்படி?

ஓட்டு சதவிகிதம் அப்படியே மார்க்காக மாறவில்லை, இடம்தான் மார்க் ஆனது. முதலிடத்துக்கு 30, இரண்டாமிடத்துக்கு 25, மூன்றாமிடத்துக்கு 20. எழுபது சதவிகிதத்துக்கும் நாலு சதவிகிதத்துக்கும் வித்தியாசம் பத்தே மார்க்! நடுவர் மார்க் கைகொடுக்க, ஷனெல் 96, டான்ஷுகேராஸ் 90. விஷயம் நாடாளுமன்றம் வரை போனது. திட்டு தாங்காமல் ஷனெல் ட்விட்டரை விட்டே விலகினார்.

அடுத்து மே மாதம் இத்தாலியின் டூரின் நகரில் யூரோவிஷன் இறுதி. அதே ஷனெல் 459 புள்ளிகளோடு மூன்றாமிடம். 1995-க்குப் பிறகு ஸ்பெயினுக்குக் கிடைத்த நல்ல இடம் அதுதான். ஆக, நடுவர்கள் கணித்ததும் தப்பில்லை, மக்கள் கோபப்பட்டதும் தப்பில்லை. விதியில்தான் ஓட்டை. அதோடு, கணக்கை வெளியே சொன்னதால்தான் எங்கே ஓட்டை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

வீட்டுக் கனவு

'போட்டிதானே, விடுங்க' என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. சூப்பர் சிங்கர் இறுதிச்சுற்றுகளில் முதல் பரிசாக வீடே கொடுத்திருக்கிறார்கள். மாசம் பிறந்தால் இஎம்ஐ கட்டும் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் குடும்பங்களுக்கு ஒரு வீட்டின் மதிப்பு நன்றாகவே தெரியும். பாட்டு கிளாஸ் ஃபீஸுக்கும் ஆடிஷனுக்கு அலையும் செலவுக்கும் பின்னால் அந்தக் கனவும் இருக்கிறது.

அதனால் பிள்ளையை மேடையேற்றும் முன் பெற்றோர் மூன்று விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நடுவர் மார்க் எவ்வளவு, ஓட்டு எவ்வளவு? ஒருவர் எத்தனை ஓட்டுப் போடலாம்? யார் யார் கலந்துகொள்ளலாம்? பதிலைத் தெரிந்துகொண்டு போனால், தோற்றாலும் பிள்ளை தன் குரலைச் சந்தேகப்படாது.

கோப்பை கிடைக்காதவர்கள்

2004-ல் 'அமெரிக்கன் ஐடல்' போட்டியில் ஏழாமிடத்தோடு வெளியேறிய ஜெனிஃபர் ஹட்சன், 2007-ல் ஆஸ்கர் வாங்கினார். 2005-ல் 'ஃபேம் குருகுல்' போட்டியில் ஓட்டில் தோற்று வெளியேறியவர்களில் ஒருவர் பெயர் அரிஜித் சிங்.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 2017-ல் 'மெர்சல்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 'ஆளப்போறான் தமிழன்' வந்தது. அதில் கேட்ட குரல்களில் இரண்டு, 2011-ல் பட்டம் கிடைக்காத சத்யபிரகாஷும் பூஜாவும்!

அந்தப் பாட்டு ஒலிக்காத ஊர்த் திருவிழா உண்டா? அதைக் கேட்டு ஆடியவர்கள் யாரும், 'இவங்க அன்னைக்கு எத்தனை ஓட்டு வாங்கினாங்க?' என்று கேட்கவில்லையே!