உதவி இறங்கும் வழி

கொரோனா வந்ததும் அயல்நாட்டு 'வளர்ச்சி உதவி' வற்றிவிட்டது என்றொரு பேச்சு இருக்கிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பணக்கார நாடுகள் 2020இல் தந்த உதவி சுமார் 16,100 கோடி டாலர். அதுவரை இல்லாத உச்சம். அதில் கடனும் அடக்கம் என்பது வேறு சங்கதி. அப்போ குறைந்தது எது? பணம் கீழே இறங்குகிற வழி.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் என்று 2015இல் சட்டமே போட்ட நாடு. சதவீதக் கணக்கில் ஒரு சூது உண்டு: கொடுக்கிறவன் வருமானம் சரிந்தால், வாக்குத் தவறாமலே தொகையும் சரியும். அதுவும் போதாமல் 2021இல் 0.5 ஆக்கினார்கள். தற்காலிகம்தான் என்றார்கள். 2025 பிப்ரவரியில், 2027க்குள் 0.3 என்று அறிவிப்பு வந்தது. இந்தத் தடவை காரணம் ராணுவச் செலவு.

இங்கே? ஸ்ரீரங்கத்தில் இரண்டு வாடகை அறைகளில் இயங்கும், முறையாகப் பதிவு செய்த ஒரு சிறு தொண்டமைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கொடையாளிக்கு இதைத் தெரியாது. சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் பெரிய அமைப்பு பணத்தை வாங்கி, ஒரு பங்கை இதற்குக் கைமாற்றும். 2020 செப்டம்பரில், தொற்று உச்சத்தில் இருந்தபோது, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தி அந்தக் கைமாற்றையே தடை செய்தார்கள். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. நேரடியாக வாங்குவதென்றாலும் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில்தான் கணக்கு. உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் இதையெல்லாம் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது.

2004 சுனாமியிலிருந்து அயல் அரசுகளின் நிவாரணத்தை மறுத்துவந்த இந்திய அரசு, 2021 கோடையில் ஆக்சிஜன் கருவிகளை வாங்கிக்கொண்டது. அதைத் தப்பென்று சொல்ல வரவில்லை. மூச்சு முட்டியது, வாங்கினோம். ஆனால் அரசு வாங்கினால் நட்பு, குடிசைப் பகுதியில் வேலை செய்கிறவன் வாங்கினால் சந்தேகம் என்கிற சொல்லாடலைக் கட்டுடைக்காமல் விட முடியாது.

திருச்சியின் குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பறைகளைப் பெண்கள் குழுக்களே நடத்துகிற முறை ஒன்று உண்டு. கிராமாலயா என்ற உள்ளூர் அமைப்பு, பிரிட்டனின் வாட்டர்எய்ட் ஆதரவோடு வளர்த்தது. வருகிறவர்களிடம் ஐம்பது காசு, ஒரு ரூபாய் என்று வாங்கித் தண்ணீர், கரண்டு, சுத்தம் செய்கிறவர் கூலி எல்லாம் பார்த்தார்கள். அறிக்கைகளின் மொழியில் இவர்கள் 'பயனாளிகள்'. உண்மையில் அன்றாடம் ஓடியது இவர்கள் சில்லறையில்தான்! கூலிவேலை நின்றுபோகிற ஊரடங்கில் அந்த ஒரு ரூபாய் யார் மடியிலிருந்து வரும்? அப்படிப்பட்ட மாதங்களில் கதவைத் திறந்துவைக்க ஆகிற சிறு தொகை, பக்கத்தில் இருக்கும் சின்ன அமைப்பு வழியாகத்தான் சீக்கிரம் வந்துசேரும். 2020இல் அடைத்தது அந்த வழியைத்தான்.